கையோடு கொண்டுபோக வேண்டியவை

எங்கள் பெண்கள் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டும் விதத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெறுமதி கூடிய பொருள் எதுவோ, அதுவே பெட்டியின் நடுவில், நாலைந்து சேலைகளுக்கிடையில் போகும். கைத்தொலைபேசி, பேரப்பிள்ளைக்கு வாங்கிய ரப், பவர் பாங்க், மடிக்கணினி எல்லாமே அப்படித்தான். கைப்பையில் கடவுச்சீட்டும் சீப்பும் ஒரு போத்தல் தண்ணீரும் இருக்கும். அந்தத் தண்ணீரையும் சோதனையில் வாங்கி எறிந்துவிடுவார்கள் என்பது வேறு கதை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் எவரிடமும் கேட்கத் தேவையில்லை. இடப்பெயர்வுகளின் போது நகையைப் பாவாடை மடிப்பிலும் காணி உறுதியைத் தலையணைக்குள்ளும் வைத்துத் தைத்தவர்கள் நாங்கள். 1990களில் வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டதை என் அம்மா இன்றைக்கும் சொல்லுவா. சோதனைச் சாவடியில் ஒரு பற்றரிக்காகவும் ஒரு வயர்த் துண்டுக்காகவும் விசாரிக்கப்பட்ட ஒருத்தி, வயரும் பற்றரியும் உள்ள பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சீருடை அணிந்தவர் முன்னால் போய் நிற்க விரும்பமாட்டாள். சமூகவியல் படித்தபோது இதற்கெல்லாம் பெரிய சொற்கள் சொல்லித் தந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் அந்தச் சொற்கள் தேவைப்படுவதில்லை.

ஆனால் விமானத்தில் வழக்கம் நேர்மாறானது. பற்றரி உள்ள பொருள் ஒளிந்திருக்கக் கூடாது. அது கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

காரணம் நெருப்பு. இப்போதைய தொலைபேசிகளிலும் பவர் பாங்குகளிலும் இருப்பது லிதியம் பற்றரி. அது நசிந்தாலோ, உள்ளே பழுதடைந்தாலோ, அதன் முனைகள் ஒரு திறப்பிலோ நாணயத்திலோ முட்டினாலோ சூடேறத் தொடங்கும். ஓர் எல்லைக்கு மேல் அந்தச் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பற்றரியையும் அது பற்றவைக்கும். விமானத்தின் அடியில் பொதிகள் வைக்கும் பகுதியில் தீயை அணைக்கும் வாயு உண்டு. அது சுவாலையை அடக்கும், ஆனால் பற்றரிக்குள் நடப்பதை நிறுத்தாது. பயணிகள் இருக்கும் பகுதியில் என்றால் புகை வந்த உடனே யாராவது காண்பார்கள். பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். அதற்கு அவர்கள் பயிற்சி பெற்றவர்கள்.

2010 செப்டெம்பர் 3 ஆம் திகதி டுபாயில் இருந்து புறப்பட்ட ஒரு சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து, அதன் விமானிகள் இருவரும் இறந்தனர். ஏற்றப்பட்டிருந்த சரக்கில் ஏராளமான லிதியம் பற்றரிகள் இருந்தன. 2025 ஜனவரி 28 ஆம் திகதி தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த எயார் பூசான் விமானமொன்றில் ஆசனங்களுக்கு மேலுள்ள தட்டில் தீப்பற்றியது. காரணம் ஒரு பவர் பாங்காக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினர். விமானம் தரையில் நின்றதாலும் நெருப்பை உடனே கண்டதாலும் அதில் இருந்த எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

ஆகவே பவர் பாங்கையும் தனியாக எடுத்துச் செல்லும் பற்றரிகளையும் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. தொலைபேசியும் மடிக்கணினியும் முற்றாக நிறுத்திய நிலையில் பெட்டியில் போகலாம் என்று விதி இருந்தாலும், கையில் கொண்டுபோவதே நல்லது. பவர் பாங்கின் அளவு 100 வாற் மணிக்குள் இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் 10,000 என்று போட்டது ஏறத்தாழ 37 வாற் மணி, 20,000 என்று போட்டது 74. இரண்டும் பிரச்சினை இல்லை. எழுத்து அழிந்துபோன மலிவான பவர் பாங்குதான் பிரச்சினை. அளவு தெரியாவிட்டால் வாங்கி வைத்துவிடுவார்கள். எமிரேட்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பாங்க் மட்டுமே அனுமதிக்கிறது. அதையும் விமானத்துக்குள் பாவிக்கவோ மேல் தட்டில் வைக்கவோ முடியாது. மற்ற நிறுவனங்களும் விதிகளை மாற்றி வருவதால், பயணச்சீட்டு எடுத்த இடத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நெருப்பைவிட எனக்கு அதிகம் கவலை தரும் விடயம் ஒன்று உண்டு. கடந்த வருடம் நான் பணியாற்றும் பிரதேசத்தில் ஓர் அம்மா கனடாவில் இருக்கும் மகளிடம் போக ஆயத்தமானா. படிவங்கள் நிரப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். பெட்டி கட்டியாயிற்று. நடுவில், இரண்டு மிளகாய்த்தூள் பைகளுக்கிடையில், சேலையில் சுற்றி ஒரு பழைய தொலைபேசி. 2009 இல் காணாமற்போன மகனின் படங்கள் அதில்தான் இருந்தன. சமாதான காலத்தில் வந்துபோன தம்பி எடுத்த படங்கள். பிறகு கனடாவில் இருந்து அவர் அந்தத் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறார். தம்பியும் இப்போது இல்லை. பதினொரு படங்களும், மகன் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லும் ஒரு சிறு வீடியோவும். வேறு பிரதி இல்லை.

"பிள்ளை, உது கையிலை இருந்தா எயார்போட்டிலை பறிச்சுப்போடுவாங்கள். பெட்டிக்குள்ளை இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது" என்றா.

"அம்மா, பெட்டியையும் எக்ஸ்றேயிலை பாக்கிறவை. உள்ளுக்கை இருக்கிறது எல்லாம் தெரியும். பெட்டி துலைஞ்சால் என்ன செய்வியள்?" என்றேன்.

பெட்டி தொலைவது நடக்காத ஒன்றல்ல. எங்கள் பக்கத்துப் பெண்ணொருத்தி வளைகுடா நாடொன்றில் இருந்து திரும்பியபோது அவளது பெட்டி இரண்டு நாள் பிந்தி வந்தது. உள்ளே தொலைபேசி இல்லை. இலத்திரனியல் பொருட்களைப் பொதியில் வைத்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று அந்த விமான நிறுவனம் நிபந்தனையைக் காட்டியது. பயணச்சீட்டோடு வரும் அந்த நுண்ணிய எழுத்தை வாசிப்பவர் யார்?

அம்மா மெதுவாகச் சேலையை அவிழ்த்துத் தொலைபேசியை என்னிடம் தந்தா. அதன் பின்மூடி சரியாக மூடவில்லை. திறந்து பார்த்தால் பற்றரி ஊதிப்போயிருந்தது. ஊதிய பற்றரியைக் கையிலும் கொண்டுபோகக் கூடாது, பெட்டியிலும் வைக்கக் கூடாது. அன்று பின்னேரமே ரவுணுக்குப் போனோம். கடைப் பெடியன் பழைய பற்றரியைக் கழற்றி எடுத்து, வேறொன்று போட்டு, படங்களை ஒரு சிறு மெமறி காட்டிலும் என் கணினிக்கும் பிரதி எடுத்துத் தந்தான். நான்கு படங்களைக் கடதாசியிலும் அச்சிட்டோம். வீடியோ ஓடியபோது கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. "கமராவை நிப்பாட்டு மாமா எண்டுறான்" என்று அம்மா சொன்னா.

இனிச் சோதனை மேசை. தொலைபேசி, ரப், மடிக்கணினி ஆகியவற்றைத் தட்டில் தனியாக வைக்கச் சொல்வது சந்தேகத்தால் அல்ல. அவற்றின் அடர்த்தியான பாகங்கள் எக்ஸ்றேயில் கீழே இருப்பதை மறைக்கும். எல்லோருக்கும் இதுதான் விதி. இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1988 டிசம்பர் 21 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் லொக்கர்பிக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறி 270 பேர் இறந்தனர். பொதியிலிருந்த ஒரு சூட்கேசுக்குள், ஒரு றேடியோ கசற் பெட்டியினுள், குண்டு ஒளிக்கப்பட்டிருந்தது. சில இடங்களில் தொலைபேசியை இயக்கிக் காட்டச் சொல்வார்கள். ஆகவே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போங்கள். சில வேளைகளில் ஒரு துணித்துண்டால் பொருளையும் கையையும் துடைப்பார்கள். எங்கள் பெண்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். வெடிமருந்தின் துகள் உண்டா என்று பார்க்கும் சோதனை அது, சில செக்கன்களில் முடிந்துவிடும். எக்ஸ்றேயால் தொலைபேசியில் உள்ள படங்கள் அழிவதில்லை.

உடலில் செல் துண்டு இருக்கும் சகோதரிகளுக்கும், செயற்கைக் கால் அணிந்தவர்களுக்கும் வாசலில் மணி அடிக்கக்கூடும். வைத்தியரின் ஆங்கிலக் கடிதமொன்றை வைத்திருங்கள். பெண் உத்தியோகத்தர்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. விமானம் நிரம்பிவிட்டால், ஏறும் வாசலில் வைத்துக் கைப்பொதியையும் வாங்கிக் கீழே அனுப்புவார்கள். அந்த அவசரத்தில் பையை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். தொலைபேசி, பவர் பாங்க், மருந்து, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு சிறு துணிப் பையில் தனியாகப் போட்டு வைத்திருந்தால், அதை மட்டும் எடுத்துத் தோளில் கொழுவிக்கொள்ளலாம்.

மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொலைபேசி கையில் இருந்தாலும் போதாது. இறங்கிய பிறகு சில வீடுகளில் அதை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொல்கிறார்கள். எனவே புறப்படுமுன் ஒப்பந்தத்தையும் கடவுச்சீட்டையும் படம் எடுத்து வீட்டில் உள்ளவரின் தொலைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டு இலக்கம், முகவரின் இலக்கம், அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் இலக்கம் மூன்றையும் தொலைபேசிக்கு வெளியேயும் எழுதி வைத்திருங்கள். இதை மட்டும் தாராளமாக ஒளித்து வைக்கலாம். அண்மையில் குவைத்துக்குப் போன தங்கச்சி ஒருத்தி, மூன்று இலக்கங்களையும் அழியாத பேனையால் ஒரு துணித்துண்டில் எழுதி, தன் பாவாடையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டாள். அவளது அம்மம்மா அருகில் இருந்து நூல் கோத்துக் கொடுத்தா.