சன்னலோடு நின்றுவிடும் சட்டம்

மார்ச் 4

அத்தைக்கு இன்றிரவும் இழுப்பு வந்தது. இன்ஹேலரை அடித்து முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டிலிருந்து சிகரெட் புகை ஏறி வந்தபடியே இருந்தது. சமையலறைச் சன்னலைச் சாத்தினால் வீடு புழுங்குகிறது, திறந்தால் அத்தைக்கு மூச்சு முட்டுகிறது. மூங்கில் கழியில் காய்ந்த அவருடைய சேலையிலும் அதே வாடை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் காற்றோட்டத்தை நம்பிக் கட்டப்பட்டவை. ஒரு வீட்டுச் சன்னலுக்கு நேர்மேலே அடுத்த வீட்டுச் சன்னல். சூடான புகை சுவரை ஒட்டி மேலேறி, திறந்திருக்கும் இடத்தில் நுழைகிறது. காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கி வைத்தோம். அது தூசியைப் பிடிக்கிறது, வாடை அப்படியே இருக்கிறது.

மார்ச் 6

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். சிங்கப்பூரில் புகைத்தடை 1970இல் பேருந்திலும் திரையரங்கிலும் தொடங்கியது. 2013 ஜனவரி 15 முதல் குடியிருப்புக் கட்டடங்களின் தாழ்வாரம், படிக்கட்டு, கீழ்த்தளம் எல்லாம் தடைக்குள் வந்தன. பிடிபட்டால் 200 வெள்ளி அபராதம். நீதிமன்றம் வரை போனால் 1,000 வெள்ளி வரை ஆகலாம். ஆனால் ஒருவர் தம் வீட்டுக்குள் நின்று, சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் புகைத்தால் அது குற்றமில்லை.

மார்ச் 9

மின்தூக்கி அருகே கீழ்வீட்டுத் தம்பியைப் பார்த்தேன். கோபமாகப் பேசக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அத்தையின் நிலைமையைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

“மன்னிச்சிருங்கக்கா. வீட்டுக்குள்ள பிள்ளைங்க இருக்கு, அதான் சன்னல் ஓரமா போய் நிக்கிறேன். தாழ்வாரத்துல நின்னா அபராதம். வேலை முடிஞ்சு வர்றப்பவே ராத்திரி பத்து தாண்டிடுது. நான் எங்கக்கா போவேன்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தன் பிள்ளைகள் மேல் அக்கறையும் சட்டத்துக்குப் பயமும் உள்ள மனிதர் அவர். அந்த இரண்டும் சேர்ந்துதான் அவரை எங்கள் சன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. தாழ்வாரத்திலிருந்து புகையை விரட்டிய சட்டம், அது அடுத்து எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. இந்நாட்டுக் குடியிருப்பாளர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் வாழும்போது, இதை இரண்டு வீட்டுக்காரர்களின் சொந்தப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

மார்ச் 13

2020 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங் இதைத்தான் மன்றத்தில் எழுப்பினார். சன்னலோரத்திலும் பால்கனியிலும் புகைப்பதைத் தடைசெய்ய வேண்டும் என்றார். மூத்த துணையமைச்சர் ஏமி கோர் அரசாங்கத்தின் தயக்கத்தை விளக்கினார். வீட்டுக்குள் இருப்பவரைக் கேமரா வைத்துக் கண்காணிப்பது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்பது அதன் சாரம்.

அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். என் வீட்டுச் சமையலறையையும் யாரும் எட்டிப் பார்ப்பதை விரும்பமாட்டேன். ஆனால் மாடியிலிருந்து குப்பை வீசுபவர்களைப் பிடிக்க இதே கட்டடங்களை நோக்கிக் கேமரா வைக்கிறார்களே! 2023 ஜூலை முதல், ஒரு வீட்டிலிருந்து குப்பை விழுந்தது உறுதியானால், வேறு யாரோ வீசியது என்று காட்டும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. சிகரெட் துண்டு சன்னலிலிருந்து விழுந்தால் சட்டம் அந்த வீட்டுக் கதவைத் தட்டும். அதே சிகரெட்டின் புகை என் அத்தையின் நுரையீரலுக்குள் போனால் தட்டாது. இரண்டில் எது பெரிய கேடு? பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்றில்லை என அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 2006லேயே சொல்லிவிட்டது.

மார்ச் 15

அண்டை வீட்டுத் தகராறுகளுக்கு 2015 முதல் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. சத்தம், வாடை, வெளிச்சம் ஆகியவற்றோடு அளவுமீறிய புகைக்கும் அங்கே முறையிடலாம். ஆனால் ‘அளவுமீறிய’ என்பதை நான் எப்படி நிரூபிப்பேன்? நள்ளிரவில் நோயாளியைப் பார்ப்பேனா, சாட்சி சேர்ப்பேனா? மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். ஜப்பானின் நகோயாவில் கீழ்வீட்டுக்காரர் பால்கனியில் புகைத்ததற்காக, மேல்வீட்டுப் பெண்மணிக்கு 50,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2012இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 2018 ஜூலைக்குள் பொது வீடமைப்பு முழுவதும், வீடுகளின் உட்புறம் உட்பட, புகையற்றதாக வேண்டும் என்று மத்திய அரசே விதி செய்தது. அவ்வளவு தூரம் போகும்படி நான் கேட்கவில்லை. அந்தத் தம்பி தன் வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும். வழக்குப் போட்டு அவரை எதிரியாக்கிக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 18

எங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும்போது கொடுக்கக் கடிதம் எழுதி முடித்தேன். சன்னலோரத்திலும் பால்கனியிலும் புகைப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு முன்பே, ஒவ்வொரு புளோக்குக்கும் பக்கத்தில், வீட்டுச் சன்னல்களிலிருந்து தள்ளி, மழைக்கு ஒதுங்கக் கூரையோடு ஒரு புகைப்பிடம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். ஈசூன் வட்டாரத்தில் இப்படிப்பட்ட இடங்களை அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் வேலை முடிந்து வருபவருக்குப் போக ஓரிடம் காட்டாமல் தடை மட்டும் போட்டால், புகை இன்னொரு சன்னலைத் தேடிப் போகும்.

கடிதத்தைக் கீழ்வீட்டுத் தம்பியிடம் காட்டினேன். படித்துவிட்டு அவரும் கையெழுத்துப் போட்டார். உங்கள் புளோக்கிலும் இதே தொல்லை இருந்தால், புகைப்பவரையும் சேர்த்துக்கொண்டு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.