"ஒண்ணுமில்லக்கா"

கொரோனா முடிந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்ட 2022-இல்தான் எங்கள் மாலை வகுப்பில் பிள்ளைகள் பேசுவதை நிறுத்தினார்கள். நம் கூட்டங்களில் மனநலம் என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் வசதியானவங்க பிரச்சினை தோழர்" என்று யாராவது முடித்துவைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தென்காசியில் எங்கள் குடியிருப்பில் ஒரு படிப்பகம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு முப்பது, முப்பத்தைந்து பிள்ளைகள் வருவார்கள். முன்பெல்லாம் சத்தம் அடங்காது. 2022 ஜூனில் பள்ளி முழுதாகத் தொடங்கிய பிறகு வந்த அதே பிள்ளைகள் சுவர் ஓரம் பார்த்து உட்கார்ந்தார்கள். என்னவென்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "ஒண்ணுமில்லக்கா." ஒருத்திக்குத் திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி. ஒருவனுக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. மன அழுத்தம் என்ற சொல் எங்கள் தெருவில் யார் வாயிலும் இல்லை. தலை சுத்துது, நெஞ்சு படபடங்குது என்பார்கள். வீட்டில் கண்ணு பட்டிருக்கு என்று திருநீறு போடுவார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறத்தாழ 19 மாதம். ஆறாம் வகுப்பிலிருந்து வெளியே வந்த பையன் நேரே எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். ஏழாம் வகுப்பு என்ற ஒன்றை அவன் பார்க்கவே இல்லை. குரல் உடைவதும் பெண்பிள்ளைகள் வயதுக்கு வருவதும் அந்த 19 மாதத்துக்குள்தான். அதுவும் ஒற்றை அறை வீட்டில், அப்பா, அம்மா, பாட்டி எல்லார் கண்முன்னாலும். ஆன்லைன் வகுப்புக்கு வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். கல்வித் தொலைக்காட்சி ஓடியது, உண்மைதான். ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாது.

குற்றாலத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பிள்ளைகளின் மனதைப் பற்றிப் பேச முடியாது. வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம் என்றால் சாரலும் குளியலும். எங்களுக்கு அது ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதச் சம்பளம். லாட்ஜ் அறை கழுவுவது, துணி துவைப்பது, அருவிக்கரையில் குப்பை அள்ளுவது, பழக்கடையில் கூலிக்கு நிற்பது, எண்ணெய் மசாஜ், ஆட்டோ. 2020, 2021 இரண்டு சீசனிலும் அருவியில் குளிக்கத் தடை. பேரருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, பார்க்க ஆளில்லை. அந்த நாலு மாதத்தை நம்பித்தான் மற்ற எட்டு மாதத்துக்குக் கடன் வாங்குவார்கள். மகளிர் குழுக் கடனுக்கு வாராவாரம் ஆள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். அம்மா வீட்டுக்குள் இருந்துகொண்டு, "அம்மா இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையை வெளியே அனுப்புவாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தப் பொய்யை வாரத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

பெண்பிள்ளைகள் பீடித் தட்டை எடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் பீடி சுற்றத் தெரியாத பெண் குறைவு. ஆனால் முன்பு பள்ளிவிட்டு வந்து அம்மாவுக்குக் கூடமாட உதவியது, இப்போது காலை ஏழிலிருந்து இரவு வரை ஆயிற்று. பையன்கள் செங்கல் சூளைக்குப் போனார்கள். சிலர் புளியரை தாண்டிக் கேரளாவில் ஹோட்டல் வேலைக்குப் போனார்கள். பரோட்டாக் கல்லில் ஒன்றரை வருடம் நின்றுவிட்டு வந்த ஒருவன், ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார் வாசிக்கச் சொன்னபோது எழுத்துக்கூட்ட முடியாமல் நின்றான். வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஐந்தருவி ரோட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டுக்குக் காசு கொடுத்துப் பழகியவனை மறுபடி சின்னப்பையனாக்கி பெஞ்சில் உட்காரவைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வயிற்றுவலிக்காரி கதை வேறு. அவள் அப்பா 2021 மே மாதம் வீட்டிலேயே இறந்துபோனார். நாலு நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குக் கொண்டுபோக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டி கிடைப்பதற்குள் முடிந்துவிட்டது. பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சம், இருவரையும் இழந்தால் 5 லட்சம் என்று அதே மாதம் அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் டெஸ்ட் எடுக்காமலே செத்துப்போன மனிதருக்கு எந்தக் காகிதத்தில் கொரோனா என்று எழுதுவார்கள்? பணம் வரவில்லை. ஆனால் அவளை அரித்தது பணம் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள், எல்லாரும் போனபிறகு சொன்னாள்: "யக்கா, பீடிக் கடைக்கு நான்தான் போயிட்டு வந்தேன். நாந்தான் கொண்டாந்து குடுத்துட்டேன்."

அத்தனை நாளும் அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

இதற்கு மேல் சாதி. பள்ளி திறந்தபோது பாடம் திரும்பி வந்ததோ இல்லையோ, கைக்கயிறு திரும்பி வந்தது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் கயிறு விஷயமாக நடந்த சண்டையில் ஒரு பிளஸ் டூ மாணவன் இறந்தான். அதே ஆண்டு செப்டம்பரில் நம் மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்கப் போன நம் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி பண்டம் தர முடியாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பிய வீடியோவை எல்லோரும் பார்த்தோம். கைது நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி ஐந்து பேர் ஆறு மாதத்துக்கு ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வீடியோ எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கைக்கும் வந்தது. ஒருவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவருடம் ஆகஸ்டில் நாங்குநேரி. கூடப் படிப்பவர்களே வீடு தேடி வந்து அண்ணனையும் தங்கையையும் வெட்டினார்கள். அன்றைக்குப் பிறகு பள்ளிக்குப் போக பயமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை எந்த நோயின் பெயரில் எழுதுவது?

பள்ளிகளில் கவுன்சிலிங் நடக்காமல் இல்லை. மனசுவிட்டுப் பேசுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்கிறார்கள். யுனிசெஃப் 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனச்சிக்கலுக்கு உதவி கேட்பது நல்லது என்று சொன்ன இந்திய இளைஞர்கள் 41 சதவீதம்; 21 நாடுகளின் சராசரியோ 83. விழிப்புணர்வு போதாது என்று உடனே முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உதவி கேட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். சாதிப்பேர் சொல்லித் திட்டினான் என்று புகார் சொன்னவனுக்கு முதலில் கிடைப்பது, "நீ என்ன பண்ணுன?" என்ற கேள்வி. அப்படியிருக்க யாரிடம் மனசுவிட்டுப் பேசுவது? 14416 நல்ல சேவை, நானே பலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒற்றை அறையில், அம்மாவின் போனில், எந்த மூலையில் நின்று பேசுவாள்?

இயக்கத் தோழர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. "சாதி ஒழிந்தால் எல்லாம் சரியாகும், மாத்திரை எதற்கு" என்று ஒரு தோழர் அந்தத் தூக்கமில்லாத பையனின் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு அந்த அம்மா மருந்தை நிறுத்தப் பார்த்தார். சாதியால் வந்த காயம் என்பதற்காக மருந்து தேவைப்படாமல் போய்விடாது. இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 2019-இல் 10,335 பேர், 2020-இல் 12,526, 2021-இல் 13,089. இது அரசின் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு. ஒரு பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினாலோ, தன் பொருளையெல்லாம் மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, "செத்துப்போகணும்னு தோணுதா" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098-உம் இருக்கிறது.

படிப்பகத்தில் நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழைய போன் வாங்கிப் பின்னறையில் வைத்தோம். கதவைச் சாத்திக்கொண்டு யாரும் பேசலாம், யாரிடம் என்று கேட்கமாட்டோம். முதல் இரண்டு மாதம் பாடமே நடத்தாமல் பீடி சுற்றிய கதையும் பரோட்டா போட்ட கதையும் எழுதச் சொன்னோம். ஒரு ஞாயிறு விடியற்காலை எல்லாரையும் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். பக்கத்திலேயே இருந்தும் சீசன் நேரத்தில் அருவியில் குளித்ததே இல்லை என்றார்கள் பாதிப் பிள்ளைகள். சீசனில் அவர்கள் வீடே அங்கே வேலையில் இருக்கும்.

அப்பாவை இழந்த அந்தப் பெண் மருத்துவரிடம் ஐந்தாறு முறை போய்வந்தாள். அந்த மே மாதத்தில் காற்றெங்கும் இருந்த கிருமி யார் வழியாக வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்று அவர் நிதானமாக விளக்கினார். அதைக் கேட்டு அவள் அம்மாவும் அழுதார். தானும் அதே நினைப்பில்தான் இருந்தாராம்.

நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைக்கயிறுக்குத் தடை, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நலஅலுவலர் என்று பரிந்துரைகள் உண்டு. எங்கள் பிள்ளைகள் சிலர் படிப்பது 300 பேர் உள்ள பள்ளியில். அங்கே யார் வருவார்கள்? தென்காசி மாவட்ட அரசுப் பள்ளிகளுக்கு எத்தனை மனநல ஆலோசகர்கள், வாரம் எத்தனை நாள் என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் தோழர்கள் அவரவர் மாவட்டத்தில் இதே கேள்வியைப் போடுங்கள். எங்களுக்குப் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். ஜெய்பீம்.