அப்பாவின் பழைய வேட்டி

சென்ற ஆண்டு சித்திரை பிறந்த மறுநாள் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். இந்த ஊருக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கும்பகோணத்திலிருந்து அம்மா ஒரு மஞ்சள் பையைத் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே அப்பாவின் பழைய வேட்டிகள் நான்கு. அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. அவர் கட்டிக் கட்டி, அம்மா துவைத்துத் துவைத்து, நூலுக்கு நூல் தெரியும் அளவுக்கு நைந்துபோன வேட்டிகள். கரையை எடுத்துவிட்டு, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, கைக்குட்டை அளவிலும் துண்டு அளவிலுமாகக் கிழித்து அடுக்கியிருந்தாள். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெயில் வாசனை மட்டும் வந்தது.

சம்பந்தியம்மா வரங்கல்காரர். மருத்துவமனைக்கு அவரும் ஒரு பை கொண்டுவந்தார். அதிலும் பழைய காட்டன் புடவைத் துண்டுகள்தான். "பாத குட்டலே மெத்தகா உண்டாயி, வதினா" என்றார். பழைய துணிதான் மெத்தென்று இருக்கும் என்று அர்த்தம். காவிரிக்கரையிலும் காகதீயர் ஊரிலும் ஒரே வழக்கம். பிறந்த குழந்தைக்குப் பத்துப் பதினோரு நாள் வரை புதுத்துணி ஆகாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் பிறந்தபோது அதை ஒரு சாங்கியமாகத்தான் செய்தேன். பேத்தி விஷயத்தில்தான் காரணம் புரிந்தது.

இருபத்தோராம் நாள் பாரசாலா, தெலுங்குக்காரர்கள் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள். கத்திரி தொடங்கிய மறுநாள் அது. வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. உறவில் ஒருவர் ஆசையாக வாங்கிவந்த ஃபிராக்கைக் குழந்தைக்குப் போட்டோம். இளஞ்சிவப்பு சாட்டின், அதன்மேல் மூன்றடுக்கு நெட், மார்பில் மணி வைத்துத் தைத்த பூ, இடுப்பில் எலாஸ்டிக், தலைக்கு அதே நிறத்தில் ஒரு பட்டை. பொம்மை மாதிரி இருக்கிறாள் என்று கூடமே சொன்னது. அரை மணி நேரத்தில் முனக ஆரம்பித்தாள். பசியாக இருக்கும் என்று மகள் பால் கொடுத்தாள். வாயு என்றார் ஒருவர், கண்பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டோம். வீறிட்டு அழுதாள்.

உள்ளறைக்குத் தூக்கிப்போய் ஃபிராக்கைக் கழற்றினேன். முதுகுப்பக்க உள்துணி நசநசவென்று என் உள்ளங்கையில் ஒட்டியது. கழுத்தைச் சுற்றி நெட் உரசிய இடத்தில் சிவப்புக் கோடு. இடுப்பில் எலாஸ்டிக் பதிந்த தடம். முதுகெல்லாம் கடுகு தூவினாற்போல் வேர்க்குரு. அப்பாவின் வேட்டித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து துடைத்துவிட்டு, இன்னொன்றை விரித்து வெற்றுடம்போடு அதன்மேல் போட்டேன். இரண்டு மூன்று தரம் காலை உதைத்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், தூங்கிப்போனாள். இருபத்தொரு நாள் குழந்தையின் பெருமூச்சை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. அவ்வளவு நேரமும் அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் பார்த்த குழந்தை மருத்துவர் மருந்து எதுவும் எழுதவில்லை. காற்றாட விடுங்கள், மெல்லிய காட்டன் மட்டும் போடுங்கள், பவுடர் வேண்டாம் என்றார். பச்சைக் குழந்தைக்கு வியர்வை நாளங்கள் முழுதாகப் பக்குவப்பட்டிருக்காதாம். சூட்டிலும் ஈரத்திலும் அவற்றின் வாய் அடைத்துக்கொண்டால் வியர்வை தோலுக்குள்ளேயே தேங்கிக் குருவாகிறது. அந்த ஈரத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். சும்மா அறைக் காற்றில் கிடக்கும் பருத்திகூடத் தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை இழைக்குள் பிடித்துவைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. தண்ணீரை உள்ளே விடாத இழை அது. நாம் மெச்சுகிற குணங்களெல்லாம், சுருங்காதது, சாயம் மங்காதது, துவைத்துப் போட்டால் நொடியில் உலர்வது, அதிலிருந்துதான் வருகின்றன.

ஹைதராபாத் வெயில் இதில் ஆளை ஏமாற்றும். சென்னைபோலப் பிசுபிசுக்காது. வியர்த்த சுவடே தெரியாமல் காற்று உறிஞ்சிவிடும். அதனால் இங்கே கோடையிலும் சிந்தெடிக் உடுத்திப் பழகியவர்களுக்கு அதன் குறை உறைப்பதில்லை. விளையாட்டு வீரர்கள் பாலியெஸ்டர் சட்டைதானே போடுகிறார்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். அந்தச் சட்டை ஓடுகிறவனுக்காக நெய்தது. அவன் ஓட, காற்று மோத, இழைகளுக்கு இடையில் பரவிய வியர்வை உலர்ந்து உடம்பு குளிர்கிறது. என் பேத்தி ஓடவில்லையே. நாளில் முக்கால்வாசி நேரம் மல்லாந்து கிடக்கிறாள். முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று ஏது?

அந்த வாரமே சுல்தான் பஜாருக்குப் போனேன். பெரிய மால்களில் குழந்தைத் துணி பளபளவென்று தொங்குகிறது. ஆனால் துணியை விரலால் பிடித்துப் பார்க்கவும், விளிம்பில் நூல் உருவவும் பழைய கடைவீதிதான் வசதி. கடைக்காரர் வயதானவர், இந்த ஊர் தக்கனி உருது பேசுகிறவர். பிறந்த குழந்தைக்குச் சட்டைத் துணி என்றதும், "ப்யூர் காட்டன் ஹை அம்மா, லேலோ" என்று மூன்று தான்களை இழுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் கேட்டேன். மறுக்கவில்லை. அவரே தீப்பெட்டியையும் எடுத்தார்.

முதல் நூல் சுடரைத் தொடும் முன்பே சுருண்டு பின்வாங்கியது. பிறகு உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகியது. நகத்தால் நசுக்கினால் நசுங்கவில்லை. இரண்டாவது பாதி எரிந்து பாதி உருகியது. கலப்பு. மூன்றாவதில் கங்கு நிதானமாக நூலோடு ஊர்ந்தது. காகிதம் எரிந்த வாசனை. விரலில் தேய்த்தபோது சாம்பல் மாவாக உதிர்ந்தது. "ஹௌ அம்மா, யே அஸ்லி" என்றார் பெரியவர். முதல் தானைப் பார்த்து அவர் முகமும் வாடித்தான் போயிற்று. மொத்த வியாபாரி சொன்னதை நம்பி வாங்கி வைத்திருக்கிறார். தீ என்று வந்தால் பருத்தியும் சாது இல்லை, சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆனால் அந்தக் கறுப்பு மணி ஒரு குழந்தையின் தோலில் உருகி ஒட்டுவதை நினைத்துப் பார்த்தேன். தீபாவளிக்கு அவளுக்கு நெட் ஃபிராக் கிடையாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாவது தானில் ஆறு மீட்டர் வாங்கினேன். வெள்ளை மல் துணி. வீட்டில் நானே ஜபலா தைத்தேன்: முன்பக்கம் திறப்பு, பொத்தானுக்குப் பதில் நாடா. தையல் மடிப்புகள் வெளிப்பக்கம் வரும்படி தைத்தேன். சட்டையை உள்வெளியாகப் போட்டதுபோல் இருக்கும், பார்க்க அழகில்லை. ஆனால் அக்குளிலும் தோளிலும் உரசுகிற முண்டு தோலைத் தொடாது. நல்ல பருத்தித் துணியில் தைத்த சட்டைகூடக் கடையில் வாங்கினால் கழுத்துக்குப் பின்னால் ஒரு நைலான் லேபிளோடு வருகிறது. அதன் முனை ஊசி மாதிரி குத்தும்.

ஒன்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வரங்கலுக்குக் காரில் போகும்போது ஐப்பசி, கார்த்திகையில் சாலையின் இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து நிற்கும். தெல்ல பங்காரம், வெள்ளைத் தங்கம் என்பார்கள் இங்கே. எனுமாமுல சந்தைக்குப் பஞ்சு ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டும். வரங்கலில் நிஜாம் காலத்தில், 1934-இல் தொடங்கிய அஸம் ஜாஹி ஆலை இருந்தது. சம்பந்தியம்மாவின் அப்பா அதில் வேலை பார்த்தவர். ஆலை இப்போது இல்லை. வயலில் அவ்வளவு பஞ்சு விளைகிற நாட்டில், ஒரு குழந்தைக்கு ஆறு மீட்டர் அசல் பருத்தியை நூல் கொளுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நெசவாளர்களை நான் குறை சொல்லவில்லை. இதே மாநிலத்துச் சிர்சில்லாவில் பெரும்பாலான விசைத்தறிகள் பாலியெஸ்டர்தான் ஓட்டுகின்றன. 2017 முதல் மாநில அரசு பதுகம்மா பண்டிகைக்குப் பெண்களுக்குக் கொடுத்த சேலைகள் பெரும்பாலும் அங்கே நெய்தவை. தறி நின்று தற்கொலைகள் வரை பார்த்த ஊர் அது. ஓடுகிற நூல் எதுவானாலும் அவர்களுக்குச் சோறு. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்பாவின் டெரிகாட்டன் சட்டைக்குத் தனி மரியாதை. இஸ்திரிச் செலவு மிச்சம் என்று அம்மா பூரித்துப் போவாள்.

எதிர்த்திசையில் நடக்கிறவர்களும் ஹைதராபாத்தில் இருக்கிறார்கள். உஸ்ரம்மா முன்னின்று தொடங்கிய மல்கா துணி அப்படியொன்று. மல்மலின் 'மல்', காதியின் 'கா'. பஞ்சைப் பொதியாக இறுக்கி அழுத்தினால் இழையின் துள்ளல் போய்விடுகிறது என்பது அவர்கள் வாதம். அதனால் பொதி கட்டாமல், விளைகிற இடத்துக்கு அருகிலேயே நூற்று, கைத்தறியில் நெய்கிறார்கள். அந்தத் துணியில் ஒரு துண்டு வாங்கி இரண்டு முறை துவைத்தேன். அப்பாவின் வேட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம் போலிருந்தது. விலைதான் எல்லோருக்கும் எட்டாது.

இயற்கை என்ற சொல்லுக்காக எதையும் குழந்தைமேல் போட்டுவிட முடியாது என்பதும் எனக்குப் பட்டுத் தெரிந்தது. மார்கழியில் இங்கே குளிர் நன்றாக உறைக்கும். சம்பந்தியம்மா ஊரிலிருந்து கொங்கடி கொண்டுவந்தார். தக்காணத்துக் கறுப்பு ஆட்டின் மயிரில் குருமர்கள் நெய்கிற கம்பளி. மழை, பனி எதுவும் உள்ளே இறங்காது. ஆனால் என் கைக்கே அது அரம் மாதிரி இருந்தது. கடையில் வாங்கிய ஃப்ளீஸ் போர்வையோ மெத்தென்று இருந்தும், போர்த்திய பத்து நிமிடத்தில் குழந்தையின் பிடரி வேர்த்துவிட்டது. கடைசியில் மல் ஜபலா, அதன்மேல் பனியன் துணிச் சட்டை, இரண்டடுக்குப் பருத்தி போதுமாக இருந்தது. பிடரியில் விரல் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வெப்பமானி எனக்குக் கிடைக்கவில்லை. கைகாலைத் தொட்டுப் பார்த்தால் அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், அதை நம்பி மேலும் மேலும் போர்த்திவிடுவோம்.

மூங்கில் துணி என்று இப்போது விற்கிறார்கள். கையில் வழுக்கிக்கொண்டு குளுமையாகத்தான் இருக்கிறது, ஈரமும் வாங்கும். மூங்கிலை ரசாயனத்தில் கரைத்துக் கூழாக்கி, மறுபடி இழையாக இழுத்த விஸ்கோஸ் அது. அப்படியே எழுதி விற்றால் எனக்கு வழக்கில்லை.

டயப்பர் விஷயத்தில் மகளுக்கும் எனக்கும் பத்து நாள் பேச்சுவார்த்தை குறைந்தது. முழுக்க முழுக்கச் செயற்கை, குழந்தையின் இடுப்பில் பிளாஸ்டிக்கா என்றேன். "அம்மா, ராத்திரி முழுக்க ஈரக் கோவணத்தோடு கிடந்தால் மட்டும் நல்லதா?" என்றாள். அவள் சொன்னது சரி. பருத்தி ஈரத்தை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் தோலை ஒட்டியே இருக்கும். டயப்பரின் உள்ளே இருக்கிற தூள் அதைக் கூழாக்கி விலக்கிவைத்துவிடுகிறது. பகலில் வேட்டித் துண்டு, நனைந்த உடனே மாற்றுவது. இரவில் டயப்பர், நடுவில் ஒரு முறை மாற்றுவது. இப்படி ஒப்பந்தமானது. குழந்தையின் தொடை இடுக்கு சிவக்கவில்லை. மகள் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். பெற்றவளின் தூக்கத்தையும் துணிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

சாயம் இன்னொரு கவலை. குழந்தை கைக்கு எட்டிய காலரையெல்லாம் வாயில் வைத்துச் சப்புகிறாள். புற்றுநோய் அபாயம் உள்ள அசோ சாயங்களை இந்திய அரசு 1997-இல் தடை செய்தது. ஜெர்மனி முதலில் தடுத்து, திருப்பூரும் கரூரும் ஏற்றுமதிக்காகத் தவித்த காலம் அது. அப்படியும் முதல் அலசலில் பக்கெட் தண்ணீர் சிவப்பாக மாறினால் அந்தச் சட்டையை நான் அவளுக்குப் போடுவதில்லை. சாயம் போடாத வெள்ளைத் துணியானாலும் ஆலையிலிருந்து வரும்போது கஞ்சியும் மொடமொடப்புக்குப் போட்ட ரசாயனமும் அதில் இருக்கும். அவை துவைக்கத் துவைக்கத்தான் போகும். பழந்துணி வழக்கத்தில் இத்தனையும் அடக்கம் என்பதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "இது தெரியாமலா உனக்குப் போட்டேன்?" என்றாள்.

சாட்டின் ஃபிராக்கைக் கொடுத்தவர் பாசத்தோடுதான் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்பார். குழந்தைக்கு வருகிற துணியில் பெரும்பாலானவை பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வருகின்றன. நானே எத்தனை வீட்டுக்கு அப்படி வாங்கிப் போயிருக்கிறேன்! அந்தக் குழந்தைகள் கழுத்தெல்லாம் எப்படி இருந்ததோ, இப்போது யாரிடம் கேட்பது? ஃபிராக்கைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறோம். அவர் வந்தால் மெல்லிய பனியன் துணி உள்ளாடைமேல் ஐந்து நிமிடம் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றிவிடுவோம்.

தம்பி மருமகளுக்கு வருகிற பங்குனியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை நான் சீர்ப்பெட்டி வாங்கவில்லை. அதே பெரியவர் கடையில் நான்கு மீட்டர் மல் வாங்கி வந்து, அப்பாவின் வேட்டியில் மிஞ்சிய இரண்டு துண்டோடு சேர்த்து நனைத்தேன். இன்று மூன்றாவது அலசல். பால்கனிக் கொடியில் இரண்டும் பக்கம் பக்கமாகக் காய்கின்றன. வேட்டித் துண்டு காற்றுக்குத் தவழ்கிறது. புதுத்துணியின் விளிம்பு இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் நிற்கிறது. நாளை மறுபடி நனைக்க வேண்டும்.