வழியனுப்பும் முறை

வந்தாரை வாழவைக்கும் நாடு என்று நம் தமிழகத்தைப் பெருமையோடு கூறிக்கொள்கிறோம். புதிதாகப் பொறுப்பேற்க வருபவரை வரவேற்க நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல், மாலை, மேளம், வரவேற்பு மடல் எல்லாம் குறைவின்றி நடைபெறும். ஆனால் ஒருவர் பொறுப்பிலிருந்து விலகும் வேளையில் அவரை வழியனுப்பும் முறையை நாம் இன்னும் சரிவரக் கற்றுக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் பிள்ளைகள் பெரிதும் விரும்பும் கிரிக்கெட் ஆட்டத்திலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம்.

2016ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அனில் கும்ப்ளே ஓராண்டுக்கு இந்திய அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். டெஸ்ட் ஆட்டங்களில் 619 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். 2002இல் ஆன்டிகுவாவில் தாடை எலும்பு முறிந்த நிலையிலும் முகத்தில் கட்டோடு வந்து பந்து வீசியவர். அவர் பொறுப்பிலிருந்த ஓராண்டில் இந்தியா ஆடிய 17 டெஸ்ட் ஆட்டங்களில் 12இல் வென்றது; ஒன்றில் மட்டுமே தோற்றது. அவற்றுள் ஓர் ஆட்டத்தை நம் பகுதி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் தாம்பரத்திலும் வண்டலூரிலும் மரங்களை வேரோடு சாய்த்துச் சென்றது. நான்கே நாட்களுக்குப் பின் சேப்பாக்கத்தில், ஈரமான ஆடுகளத்தைக் கரி நெருப்பின் வெப்பத்தால் உலர்த்தி ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இந்தியா 7 விக்கெட் இழப்புக்கு 759 ஓட்டங்கள் குவித்து இங்கிலாந்தை வென்றது. விழுந்த கிளைகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்த எங்கள் பங்கு இளைஞர்கள், இடையிடையே ஓட்ட எண்ணிக்கையை விசாரித்து ஆரவாரம் செய்தது என் நினைவில் நிற்கிறது.

இத்தகைய பயிற்சியாளரின் விடை எப்படி அமைந்தது? 2017 மே 25ஆம் நாள், அணி இங்கிலாந்தில் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், பயிற்சியாளர் பதவிக்கு விண்ணப்பங்களைக் கோரியது கிரிக்கெட் வாரியம். ஜூன் 18இல் லண்டன் ஓவல் திடலில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 180 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. இரண்டு நாட்களில் கும்ப்ளே பதவி விலகினார். தம் அணுகுமுறை குறித்தும், தாம் தொடர்வது குறித்தும் அணித்தலைவருக்குத் தயக்கம் உண்டு என்பதை முந்தைய நாள்தான் வாரியத்தின் வழியாக முதன்முதலில் அறிந்ததாக அவர் எழுதினார். உடைமாற்றும் அறையில் நடந்தவற்றை வெளியே பேசுவதில்லை என்று அணித்தலைவர் விராட் கோலி பின்னர் கூறிவிட்டார்.

பயிற்சியாளர் மிகவும் கண்டிப்பானவரா, அணித்தலைவரின் தயக்கம் நியாயமானதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பதவியை நீட்டிக்கவும் நீட்டிக்காமல் விடவும் வாரியத்திற்கு உரிமை உண்டு. என்னை உறுத்துவது வேறொன்று. யாரைப் பற்றிய செய்தியோ, அவரே அதைக் கடைசியாக அறிகிறார்!

இது புதிய கதையுமன்று. நம் சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் 1979இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் தலைவர். அதே ஓவல் திடலில் நடந்த கடைசி டெஸ்டில், 438 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில், இந்தியா 8 விக்கெட்டுக்கு 429 வரை சென்று வெற்றியைத் தவறவிட்டது. நாடு திரும்பும் விமானத்தில், அடுத்த தொடருக்குச் சுனில் காவஸ்கரே தலைவர் என்ற செய்தியை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். வெங்கட்ராகவனும் அந்த விமானத்திலேதான் அமர்ந்திருந்தார். பிற்காலத்தில் அவர் நடுவராகி 73 டெஸ்ட் ஆட்டங்களில் தீர்ப்பளித்தார் என்பது அவருடைய பெருமை. அவரை நடத்திய விதத்திற்கு அது சமாதானம் ஆகிவிடாது.

ஆடுகளத்தில் மட்டுமா இப்படி நடக்கிறது? முன்பு நான் பணியாற்றிய ஊரில், ஓர் ஆலையில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கூறினார்: "சாமி, வேலை போனதுகூடப் பெரிசில்லை. என் இடத்துக்கு வேற ஆள் வர்றது டீக்கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையே!" நிர்வாகம் பின்னர் அவருக்குப் பொன்னாடை போர்த்தி விழா நடத்தியது. அந்தப் பொன்னாடையை அவர் பிரித்துப் பார்க்கவேயில்லை.

இல்லங்களிலோ இந்தக் காயம் இன்னும் ஆழமானது. வயதான தந்தையை அடுத்த மாதம் முதல் இளைய மகன் வீட்டில் விடுவதென்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ஒரு நாள் மாலை பேரப்பிள்ளை ஓடிவந்து, "தாத்தா, நீங்க சித்தப்பா வீட்டுக்குப் போறீங்களாமே?" என்று கேட்கும். முடிவு நல்ல நோக்கத்தோடு எடுத்ததாகவே இருக்கலாம். ஆயினும் அந்தக் கணத்தில் அவர் தம் சொந்த வீட்டிலேயே அயலாராகி விடுகிறார்.

ஏன் நாம் நேரில் சொல்லத் தயங்குகிறோம்? மனம் நோகுமே என்ற இரக்கம் என்கிறோம். உண்மையில் அவர் முகம் வாடுவதைப் பார்க்க நமக்குத் துணிவில்லை. நம் சங்கடத்தைத் தவிர்க்க, அவருக்கு அவமானத்தைக் கொடுக்கிறோம்.

நல்ல முறையில் விடை கொடுப்பதும் இயலும். 2024 ஜூன் 29ஆம் நாள் பார்படாஸில் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது, பயிற்சியாளர் ராகுல் திராவிட் அத்துடன் விடைபெறுகிறார் என்பதை அனைவரும் முன்பே அறிந்திருந்தனர். அன்று கோப்பையை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அதே விராட் கோலி! வீரர்கள் அவரைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடினார்கள். வெற்றி பெற்றால் விடையும் இனிக்கும் என்று சிலர் கூறலாம். 17இல் 12 வென்றவரின் விடை ஏன் கசந்தது? அங்கே குறைந்தது வெற்றியன்று. காலத்தோடு பேசிய ஒரு சொல்.

ஆகவே அன்பர்களே, நம் இல்லத்திலோ, சங்கத்திலோ, பணியிடத்திலோ ஒருவர் இடம் மாற வேண்டி வந்தால், அச்செய்தி முதலில் அவர் செவிக்கே எட்டட்டும். முடிவு செய்தவரே எதிரில் அமர்ந்து, காரணத்தையும் நன்றியையும் சேர்த்துச் சொல்லட்டும். அவர் கேட்க விரும்பும் கேள்விகளுக்குப் பொறுமையோடு விடை தரட்டும். மாலையும் பொன்னாடையும் அதன் பின்னர் வரலாம்.