வாயால் வீடு கட்டும் மீன்

மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்தோர்க்குக் கடல் முதன்முதல் அறிமுகமாவது கருவாட்டின் வாசனையாலேயாம். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே வளர்ந்த நானும் அவ்வாறே கடலை அறிந்தேன். நமது கல்லூரியில் விலங்கியல் கற்ற காலத்து எழுந்த ஆர்வத்தாற் பின்னர்ப் பல மீன்களைப் பற்றிப் படித்தேன். அவற்றுள் என் உள்ளத்தில் நிலைத்தது, பலரும் அறியாத தாடைமீன்.

1816-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் குவியே இதன் பேரினத்துக்கு 'ஒபிஸ்டோநேதஸ்' எனப் பெயரிட்டார். பின்னோக்கி நீண்ட தாடை என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். 2012-ஆம் ஆண்டில் மேற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து விவரிக்கப்பட்ட புதிய இனத்துக்குப் 'பார்டஸ்' எனப் பெயர் வைத்தனர். அஃது இலத்தீனிலே சிறுத்தையைக் குறிக்கும் சொல். நம் தேயிலை மலைகளில் உலவும் விலங்கின் பெயர் கடலடிச் சிறுமீனுக்கும் உரியதாயிற்று!

கரிபியன் கடலில் வாழும் மஞ்சள்தலைத் தாடைமீன் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் நீளமே உடையது. அது மணலை வாய்நிறைய அள்ளி உமிழ்ந்து வளை தோண்டும். கல்லையும் சிப்பித்துண்டையும் கவ்விக் கொணர்ந்து சுவர் அமைக்கும். பகை வரின் வாலை முன்னிட்டு வளையுள் மறையும். முட்டைகளை ஆண்மீனே வாயிலேந்தி அடைகாக்கும். வளை இன்றேல் அதற்கு வாழ்வில்லை.

இதனைப் படிக்கும்போதெல்லாம் என் தந்தையாரை நினைப்பேன். அவர் எங்கள் காம்பராவின் முன்னே கல்லும் மண்ணும் சுமந்து ஒரு திண்ணை கட்டினார். ஆனால் லயமும் திண்ணையும் தோட்டத்தின் உடைமை. மீனின் வளை மீனுக்குரியது. தந்தையாரின் திண்ணை அவருக்குரியதன்று.

1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். அதனை மலையெங்கும் பரப்பிய உழைப்பாளர் வழிவந்தோரிற் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. அவ்வாறு எஞ்சியிருந்தோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. ஆயினும் சொந்தக் காணியிற் சொந்த வீடு என்பது இன்றும் பலர்க்குக் கைகூடவில்லை.

நமது கல்லூரி சட்டவறிஞரையும் பொறியியலாளரையும் ஆட்சியலுவலரையும் ஈன்றுள்ளது. காணி உறுதி எழுதுவோரும் வீட்டுக்கு வரைபடம் வகுப்போரும் அவர்களே. இவ்விழா ஆண்டில் அவர்கள் மலைநாட்டை நோக்கித் தம் கண்களைத் திருப்புவாராக. வீடென்பது ஆடம்பரமன்று, அஃது உயிர்க்காவல் என்பதை அச்சிறுமீனே நமக்குக் கற்பிக்கின்றது.