அறுபத்தொன்றாவது பெயர்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி. ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாலில் ஆராதனை நடக்கும். திங்கட்கிழமை அதே இடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து 'அ' எழுதுவார்கள். நெல்லைச் சீமைக்கு இது புதுசில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்த காலத்துப் பழக்கம்.

ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துக்குள்தான். மற்றவர்கள் எல்லாம் அம்மன் கோயில் கொடைக்கு வரி கொடுக்கிறவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அது 'நம்ம பள்ளிக்கூடம்'. முதியோர் பென்ஷன் மனு எழுதவும், பேங்க் ஃபாரம் நிரப்பவும் பெரிய டீச்சரைத்தான் தேடி வருவார்கள். அதுவும் சரியாக அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில்!

2023 டிசம்பர் 17, ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழை. ராத்திரி ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. மேட்டில் இருந்தது பள்ளிக்கூடம் மட்டும்தான். பெரிய டீச்சர் டார்ச்சோடு வந்து பூட்டைத் திறந்தார். விடிவதற்குள் வகுப்பறை முழுக்க ஆள். மூன்றாம் வகுப்பில் இரண்டு ஆடுகளும்.

மறுநாள் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். ஸ்டோர் ரூமில் சத்துணவு அரிசி இருந்தது. ஆனால் அது அரசாங்க அரிசி. குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். அமைப்பாளர் அம்மா தயங்கினார். டீச்சர் ஒரு நோட்டில் தேதியும் எடையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "உலையை வைங்க. கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

தண்ணீர் வடிந்து ரேஷன் கடை திறந்ததும், ஒரு ஆச்சி சுளகில் இரண்டு படி அரிசியோடு வந்து நின்றாள். அதைப் பார்த்து மற்ற வீடுகளும் கொண்டு வந்தன. எடை போட்டால், எடுத்ததைவிட நாலு கிலோ கூடுதல். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது அமைப்பாளர் அம்மாவுக்கு அடுத்த தலைவலி.

ஜூன் பிறந்ததும் வழக்கம்போல மெட்ரிக் பள்ளி வேன்கள் வந்தன. மழையில் அங்கே படுத்திருந்த பிள்ளைகளில் சிலரும் டை கட்டி ஏறினார்கள். டீச்சருக்குக் கோபமில்லை, இங்கிலீஷ் மீடியம் ஆசை யாரை விட்டது? எண்ணிக்கைதான் கவலை. ஆகஸ்ட் 1 அன்று தலையை எண்ணுவார்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 இருந்தால்தான் மூன்றாவது ஆள். இருந்ததோ 58. சின்ன டீச்சரின் வேலை அந்த மூன்று பிள்ளைகளில் தொங்கியது.

2024 ஜூலை 15இல் காலை உணவுத் திட்டம் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. விடியற்காலையில் வயலுக்குப் போகும் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 60.

ஜூலை 31 சாயங்காலம் டீச்சர் அந்தச் சுளகு ஆச்சி வீட்டுக்குப் போனார். பேத்தி வேனில் போகிறவள். கேட்க வாய் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தார்.

"எதுக்கு வந்தீகன்னு சொல்லாமலே போறீகளே, டீச்சர்?"

சொன்னார். ஆச்சி மகனைப் பார்த்தாள். ஃபீஸ் பாக்கி இருக்கிறது, டி.சி. தரமாட்டார்கள் என்றான் அவன். டி.சி. இல்லை என்று பிள்ளையைச் சேர்க்காமல் விடக் கூடாது என்பது சட்டம் என்றார் டீச்சர். ஆனால் எமிஸ் கணக்கிலிருந்து அந்தப் பள்ளி பெயரை விடுவிக்க வேண்டும். அதற்கு ஒரு வார்த்தை நேரில் போய்க் கேட்டால் நல்லது.

மறுநாள் காலை அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பிள்ளை பழைய டையோடு வந்து வரிசையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டாள். டீச்சர் செல்போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மூன்றரை மணிக்குச் சின்ன டீச்சர்தான் முதலில் பார்த்தார். பெயர் வந்திருந்தது.