கையை நீட்டு

முதலில் ஞாபகத்துக்கு வருவது பாட்டு இல்லை. லாரி.

சியாட்டிலின் கடலோரத்தில் இரண்டடுக்காக ஓடிய அலாஸ்கன் வே மேம்பாலத்தில் கனமான வண்டி ஏதாவது போனால், எதிரே இருந்த ஓகே ஹோட்டலின் கண்ணாடிகள் சன்னமாக அதிரும். இரண்டு பாட்டுக்கு நடுவில் கிடார்க்காரர் சுருதி சேர்க்கும் இடைவெளியில் அந்த அதிர்வும், ஃபெரி துறையிலிருந்து கப்பல் ஊதும் சத்தமும் சேர்ந்து வரும். பெயர்தான் ஹோட்டல். 1990களின் தொடக்கத்தில் அது பயனியர் சதுக்கத்தின் ஒரு கச்சேரிக் கூடம். மீசை அரும்பியும் அரும்பாமலும் திரிந்த எங்களுக்கோ, ஊரில் வயது கேட்காமல் உள்ளே விட்ட மிகச் சில இடங்களில் ஒன்று.

உள்ளே விட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அப்பாவுக்கு விமானத் தொழிற்சாலையில் வேலை, வீடு பக்கத்து ஊரான ரென்டனில்; கச்சேரிக்கு வருவது அங்கிருந்துதான். 1991 ஏப்ரல் 17 இரவு நிர்வானா குழு 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டை முதன்முதலாக மேடையேற்றியது இந்த ஓகே ஹோட்டலில்தான். அன்று நான் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் கூட்டினால் அந்தக் கூடம் கொள்ளாது. நான் போக ஆரம்பித்தது அதற்கப்புறம், யாருக்கும் பெயர் நிலைக்காத பேண்டுகளைக் கேட்க.

எங்கே கச்சேரி என்று தெரிந்துகொள்ள மின்கம்பத்தைப் பார்த்தால் போதும். ஜெராக்ஸ் நோட்டீஸ் மேல் நோட்டீஸ். பழையவை மழையில் கரைந்துபோக ஸ்டேப்ளர் பின்கள் மட்டும் மிஞ்சி, துருவேறி, கம்பத்தைத் தடவினால் மரம் தட்டுப்படாது. மீன் செதில் மாதிரி உலோகம்தான் கையில் குத்தும். 1994இல் நகராட்சி கம்பங்களில் நோட்டீஸ் ஒட்டத் தடை போட்டது. ஊர் சுத்தமாயிற்று. எந்தச் சனிக்கிழமை எங்கே போவதென்று தெரியாமலும் போயிற்று.

வாசலில் ஒரு பெண் நிற்பாள். தடித்த மார்க்கர், கரகரத்த குரல். "கையை நீட்டு" என்பாள், வேறொன்றும் சொல்லமாட்டாள். புறங்கையில் பெரிய கறுப்புப் பெருக்கல் குறி விழும்: இவனுக்கு இருபத்தொன்று ஆகவில்லை, மது கொடுக்காதே. வாஷிங்டன் டி.சி.யின் டீன் ஐடில்ஸ் பேண்டுப் பையன்கள் 1980இல் சான் பிரான்சிஸ்கோ கிளப் ஒன்றில் பார்த்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோன வழக்கம் அது. தேய்த்தாலும் லேசில் போகாது. மறுநாள் சோறு பிசையும் கையில் அதைப் பார்த்து அம்மா முறைப்பாள். எனக்கோ அது அழியவே கூடாது என்று இருக்கும்.

ஒரு தடவை கூட்டத்தில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் ஆறேழு பேர் கையைக் கோத்து ஒரு வட்டம் கட்டிவிட்டார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் மண்டியிட்டுத் தரையைத் துழாவி எடுத்து, தன் சட்டையில் துடைத்து, என் முகத்தில் அவரே மாட்டிவிட்டார். பாட்டு நிற்கவில்லை. என் அப்பாவைவிட மூத்தவர். அந்த வயது ஆளும் நானும் ஒரே பாட்டுக்கு ஒரே தரையில் நின்ற வேறோர் இடத்தை அந்த ஊரில் எனக்குத் தெரியாது.

சட்டத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை. மொனாஸ்டரி என்ற கிளப்பைப் பற்றி எழுந்த கூச்சலில், 1985இல் சியாட்டில் நகராட்சி பதின்பருவ நடனத்துக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. 10 லட்சம் டாலருக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். ஓய்வு நேரப் போலீஸ்காரர்களைக் காசு கொடுத்துக் காவலுக்கு நிறுத்த வேண்டும். 15க்குக் கீழே, 20க்கு மேலே உள்ளவர்கள் துணையில்லாமல் வரக்கூடாது. கச்சேரி என்றால் தப்பிக்கலாம், நடனம் என்றால் மாட்டிக்கொள்ளலாம். தாளம் போடும் கால் எந்த நொடியில் நடனமாகிறது? அதை யார் சொல்வது? போதாததற்கு, இந்த மாதிரிக் கூடங்களுக்கு வாடகை கட்டுவது டிக்கெட் இல்லை, மது பார். சாராயம் விற்காதவன் வாடகைக்கு எங்கே போவான்? ராக்கேண்டி, வெல்வெட் எல்விஸ் என்று ஒவ்வொன்றாக, நூற்றாண்டு திரும்பும் வேளையில் விளக்கணைந்தது. 2000இல் நகர மன்றம் சட்டத்தைத் தளர்த்தப் பார்த்தது; மேயர் பால் ஷெல் மறுத்துவிட்டார். சட்டம் மாற 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓகே ஹோட்டல் அதுவரை தாங்கவில்லை. அதைச் சட்டமும் சாய்க்கவில்லை, வாடகையும் சாய்க்கவில்லை. 2001 பிப்ரவரி 28இல் வந்த 6.8 அளவுப் பூகம்பம் சாய்த்தது. கட்டடம் பிழைத்தது. கச்சேரி திரும்பவில்லை. நான் அதற்குள் சென்னைக்கு வந்துவிட்டிருந்தேன். நண்பனின் மின்னஞ்சலில் இரண்டே வரி. 2019இல் மேம்பாலத்தையும் இடித்தார்கள். லாரிகள் இப்போது சுரங்கப்பாதையில் போகின்றன.

அதே 2001இல் சியாட்டிலில் வேரா ப்ராஜெக்ட் என்ற கச்சேரி அமைப்பு தொடங்கியது. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் உள்ள வேரா கூடத்தைப் பார்த்து வைத்த பெயர். சாராயம் கிடையாது, டிக்கெட் கிழிப்பதிலிருந்து ஒலி அமைப்பு வரை பெரும்பாலும் இளம் தொண்டர்கள். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அது வேறு யாருடைய பதினாறு வயதோ.

இங்கே வேளச்சேரியில் என்னிடம் நல்ல ஹெட்போன் இருக்கிறது. அந்தக் காலத்து பேண்டுகளில் பாதி ஃபோனிலேயே கிடைக்கின்றன. ஒவ்வொரு தந்தியும் துல்லியம். யாருடைய முழங்கையும் விலாவில் இடிப்பதில்லை, யாருடைய வியர்வையும் என் சட்டையில் இல்லை, பாட்டு முடிந்ததும் பக்கத்தில் திரும்பினால்...

போன வாரம் என் மகன், பதினாறு வயது, ஒரு பேண்டைக் கேட்கப் போகவேண்டும் என்றான். அவர்கள் வாசிப்பது நட்சத்திர ஹோட்டல் பாரில். இருபத்தொன்று ஆகாமல் வாசல் தாண்ட முடியாது. மார்கழி சபாவில் குழந்தையைக்கூட மடியில் வைத்துக்கொள்ளலாம், டிரம்ஸுக்கு அங்கே இடமில்லை.

"அஞ்சு வருஷம் பொறுடா" என்றேன்.

"அதுக்குள்ள அவங்க பிரிஞ்சிடுவாங்கப்பா" என்றான்.